முதல் பிறந்தநாள் வீட்டு ஹாலில், காடு தீம்: எங்கெல்லாம் சறுக்கும்?

குட்டியானை_அம்மா கேட்டது:

பொண்ணுக்கு ஆகஸ்ட் கடைசியில ஒரு வயசு. நட்சத்திரப் பிறந்தநாளுக்கு ஆயுஷ்ய ஹோமம் தனியா நடந்துடும். இங்கிலீஷ் தேதியை ஒட்டி வர்ற ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே கேக் வெட்டறதா இருக்கோம். மண்டபம் வேண்டாம்.

இடம் சென்னை, இரண்டாவது மாடி ஃப்ளாட். ஹால் 11 அடிக்கு 16 அடி. ஏசி கிடையாது, நடுவுல ஒரு ஃபேன், கிழக்குச் சுவர்ல பெரிய ஜன்னல். பெரியவங்க 28 பேர், பிள்ளைங்க 12 பேர், அதுல தவழ்ற வயசு மூணு.

இதுவரைக்கும் யோசிச்சது: சாயங்காலம் 4.30 முதல் 6 வரை ராகு காலம், அதனால 7 மணிக்குக் கேக். ஆன்லைன்ல கிடைக்கிற ஜங்கிள் செட், அதாவது சிங்கம், வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி. பலூன் 300. அதுல 50 மேல மிதக்கிற காஸ் பலூன், தெருமுனையில நிரப்பித் தர்றவர் இருக்கார். 2 கிலோ ஃபாண்டன்ட் கேக், அதாவது மேல சர்க்கரை மாவைப் போர்வை மாதிரி போர்த்தினது. சாப்பாடு வெளியில ஆர்டர் பண்ணலாமா, வீட்ல பண்ணலாமான்னு முடிவாகல. அலங்காரம் நாங்களே பண்ணணும், கைக்கு ரெண்டு பேர் இருக்கோம்.

எதை மாத்தணும், எதை விடணும்? அளவோட சொன்னா நல்லா இருக்கும்.

---

வரையாடு பதில்:

முதலில் நேரத்தை மாற்றுங்கள். 7 மணி என்றால் ஆட்கள் சேர 7.30 ஆகும், கேக் 8. ஒரு வயசுக் குழந்தை தூங்குகிற நேரம் அது. புது ஆட்கள், கைதட்டல், விளக்கணைத்த இருட்டு எல்லாம் அந்த நேரத்தில் ஒன்றாக வந்தால் அழுகைதான். அதற்கு எந்த தீமும் மருந்தில்லை.

ஞாயிறு காலை 11 மணி பாருங்கள். ராகு காலம் சாயங்காலம், எமகண்டம் 12 முதல் 1.30. பெரியவர்களுக்கும் ஆட்சேபம் இருக்காது. இந்த வயதில் பல குழந்தைகள் காலை 9 மணி சுமாருக்கு ஒரு தூக்கம் போடும். 10.15க்கு எழுப்பி, வயிற்றுக்கு ஏதாவது கொடுத்து, உடை மாற்றினால் 11க்குத் தெளிவாக இருக்கும். 11.15க்குக் கேக், 11.45க்குப் படம், 12.15க்கு முதல் பந்தி. 1.30க்குக் குழந்தை அடுத்த தூக்கத்துக்குப் போகலாம். உங்கள் குழந்தையின் தூக்கம் வேறு மாதிரி என்றால் அதை வைத்து அரை மணி முன்பின் நகர்த்துங்கள். அழைப்பிதழில் 10.45 என்று போடுங்கள்.

காலை என்றால் இன்னொரு லாபம், கிழக்கு ஜன்னல் வெளிச்சம். பின்திரையை மேற்குச் சுவரில் வையுங்கள். வெளிச்சம் நேராக முகத்தில் விழும். ஜன்னலுக்கு முன்னால் திரை கட்டினால் முகமெல்லாம் கறுத்துத்தான் படம் வரும். பலர் செய்கிற தவறு இது.

காஸ் பலூன் வேண்டவே வேண்டாம். தெருவில் மலிவாக நிரப்பித் தருவது பல இடங்களில் ஹைட்ரஜன்தான். ஹீலியம் விலை அதிகம். ஹைட்ரஜன் தீப்பிடிக்கும். ஒன்று பிடித்தால் பக்கத்தில் இருப்பதெல்லாம் சேர்ந்து பிடிக்கும். கீழே மெழுகுவர்த்தி, மேலே ஐம்பது பலூன் என்பதை நினைத்துப் பாருங்கள். ஹீலியமே கிடைத்தாலும் நடுவில் ஃபேன் இருக்கிறது. ரிப்பன் இறக்கையில் சுற்றும். ஃபேனை நிறுத்தினால் ஆகஸ்ட் மாதச் சென்னையில் 40 பேர் அந்த ஹாலில் இருக்க முடியாது.

அதே காரணத்துக்காக ஸ்னோ ஸ்ப்ரே, பூவாணம் மாதிரி பொறி கக்கும் மெழுகுவர்த்தி இரண்டும் கூடாது. ஸ்ப்ரே டப்பாவில் அழுத்தம் தருகிற வாயு எரியக்கூடியது. அதை அடித்த கையோடு மெழுகுவர்த்தி ஏற்றித்தான் முகத்தில் தீக்காயங்கள் வருகின்றன. சாதாரண மெழுகுவர்த்தி ஒன்று போதும். ஊதியவுடன் கேக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

தவழ்கிறவர்களுக்காகத் தரையிலிருந்து 3 அடி வரை ஒரு கண்ணோட்டம் விடுங்கள். செம்புக் கம்பியில் வரும் சின்ன எல்.இ.டி. விளக்குச் சரம் பலவற்றில் பொத்தான் பேட்டரி இருக்கும். மூடி கையாலேயே திறக்கும். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, எல்.இ.டி. மெழுகுவர்த்தி பலவற்றிலும் அதுதான். விழுங்கிவிட்டால் 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். ப்ளக்கில் செருகும் சரம் வாங்குங்கள், இல்லையென்றால் மூடியை ஸ்க்ரூ போட்டு இறுக்குகிற வகை. குண்டூசி, டிராயிங் பின் எதுவும் அலங்காரத்தில் வேண்டாம். 12 மாதப் படங்களைச் சணல் கயிற்றில் மரக் கிளிப் போட்டுத் தொங்கவிடலாம், 5 அடிக்கு மேலே.

பூவும் கவனிக்கணும். மாலையில், தோரணத்தில் அரளி கலந்து வரும். அரளி விஷம். உதிர்ந்த பூ தரையில் கிடந்தால் தவழ்கிற குழந்தை முதலில் வாயில்தான் வைக்கும். சாமந்தி, ரோஜா, சம்பங்கி போதும் என்று பூக்காரரிடம் சொல்லியே வாங்குங்கள்.

---

காகிதக்கத்தி பதில்:

தீம் பத்தி மட்டும் நான் சொல்றேன்.

சிங்கம், வரிக்குதிரை செட்டை விடுங்க. எல்லா வீட்லயும் அதே ஆறு மிருகம், அதே ப்ளாஸ்டிக் பச்சை இலை. காடுன்னா நம்ம காடே இருக்கு. யானை, வரையாடு, சோலைமந்தி (சிங்கவால் குரங்கு), மலையணில், மரகதப்புறா, தமிழ் மறவன் வண்ணத்துப்பூச்சி. வரையாடு நம்ம மாநில விலங்கு, மரகதப்புறா மாநிலப் பறவை, தமிழ் மறவனை 2019ல மாநில வண்ணத்துப்பூச்சியா அறிவிச்சாங்க, மரம் பனை, பூ செங்காந்தள். தீம் தானா அமைஞ்சிடுது. வர்ற பத்து வயசுப் பிள்ளைங்களுக்கு "எது என்ன"ன்னு கண்டுபிடிக்கிற விளையாட்டும் ஆச்சு.

நிறம் மூணோட நிறுத்துங்க: கரும்பச்சை, கடுகு மஞ்சள், ஓலை நிறம். செந்நிறம் செங்காந்தளுக்கு மட்டும் பொட்டு மாதிரி. நாலாவது நிறம் வந்தா துணிக்கடை ஷோகேஸ் ஆயிடும். திரை பச்சைங்கறதால குழந்தைக்குப் பச்சை உடுப்பு வேண்டாம், படத்துல காணாமப் போயிடுவா. மஞ்சளோ தந்த நிறமோ எடுங்க, உள்ள பருத்தி லைனிங் இருக்கணும். நெட் துணி கழுத்துல உரசினா அஞ்சு நிமிஷத்துல பிடுங்க ஆரம்பிச்சிடும்.

சுவர்ல டேப் ஒட்டாதீங்க. ஃபோம் டேப் பிரிக்கும்போது பெயின்ட்டோட பட்டியும் பெயர்ந்து வரும். தனியா நிக்கிற சட்டம் போடுங்க, 6 அடி அகலம், 7 அடி உயரம். 1 அங்குல பிவிசி குழாய், 10 அடி நீளத்துல மூணு. முதல் ரெண்டை 7 + 1½ + 1½னு வெட்டுங்க. மூணாவதுல 6 அடி எடுங்க. எல்போ (வளைவு) ரெண்டு, டி (மூணு வாய் இணைப்பு) ரெண்டு, எண்ட் கேப் (மூடி) நாலு. ஒன்றரை அடித் துண்டுகளை டி-யோட ரெண்டு பக்கமும் செருகினா அது கால். நடு வாய்ல 7 அடிக் குழாய் நிக்கும். மேல எல்போ, குறுக்கே 6 அடி. முக்கால் அங்குலக் குழாய் விலை கம்மிதான், ஆனா 6 அடிக்கு நடுவுல தொய்யும். பசை போடாதீங்க, அழுத்திச் செருகினாலே நிக்கும், அப்புறம் கழட்டி வைக்கலாம். காலுக்கு ரெண்டு ரெண்டு கிலோ மணல் மூட்டை கட்டணும். பிள்ளைங்க திரையைப் பிடிச்சு எழுந்து நிக்கப் பார்க்கும், எடை இல்லைன்னா சட்டம் மேல சாயும். மேல் குறுக்குக் குழாயைப் பின்சுவர்ல ஏற்கெனவே இருக்கிற ஆணிக்குத் தூண்டில் நரம்பால ஒரு கட்டு கட்டிடுங்க.

திரைக்குக் காடாத் துணி. 36 அங்குல அகலம்னா 5 மீட்டர் வாங்கி, 7½ அடியில ரெண்டு துண்டு வெட்டி, மேல 4 அங்குலத்துக்கு மடிச்சுத் தைச்சா குழாய் உள்ள நுழையும். சாயம் போடறதுன்னா துணியை முன்னாடியே அலசிக் கஞ்சியை எடுத்துடுங்க, இல்லைன்னா திட்டுத் திட்டா பிடிக்கும்.

மிருகங்களுக்கு ஃப்ரிட்ஜ் அல்லது வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டி. பழைய சாமான் கடையில கிடைக்கும். யானை 3 அடி, வரையாடு 2 அடி, மத்தது ஒண்ணே கால் அடி. சார்ட் பேப்பர் இந்த அளவுக்கு நிக்காது, ஈரக்காத்துல ஒரே ராத்திரியில சுருளும். அட்டைக்கு ரெண்டு பக்கமும் பெயின்ட் அடிக்கணும். ஒரு பக்கம் மட்டும் அடிச்சா அது காயும்போது இழுத்து வளைச்சிடும். வளர்ந்த ஆண் வரையாட்டுக்கு முதுகுல வெளிர்ச் சாம்பல் திட்டு இருக்கும், அதைப் போட்டாத்தான் வெள்ளாடுன்னு நினைக்க மாட்டாங்க. சோலைமந்திக்கு முகத்தைச் சுத்தி நரைச்ச பிடரி, வால் நுனியில குஞ்சம்.

செங்காந்தள் காகிதத்துலதான் பண்ணணும். நிஜச் செடி வேர்லேர்ந்து பூ வரைக்கும் விஷம், வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீங்க. மஞ்சள் க்ரேப் பேப்பர்ல 4 அங்குல நீளம், அரை அங்குல அகலத்துக்கு ஒரு பூவுக்கு ஆறு பட்டை. மேல் பாதிக்குச் சிவப்பு வாட்டர் கலர் பூசிக் காயவிட்டு, ஓரத்தை விரலால இழுத்து இழுத்து நெளிவு பண்ணுங்க. எல்லா இதழும் மேல்நோக்கி வளையணும், அதுதான் இந்தப் பூவோட முகவெட்டு. 15 பூ போதும்.

மீதி இடத்துக்குத் தென்னங்குருத்தோலை. மணவறை அலங்காரம் பண்றவங்ககிட்ட கிளி, பந்து, தோரணம்னு சொல்லி வாங்கலாம். சனிக்கிழமை சாயங்காலம் வாங்கி ஈரச் சாக்குல சுத்தி வைங்க, காலையில 8 மணிக்குக் கட்டுங்க. முந்தின நாளே ஃபேன் காத்துல தொங்கவிட்டா காலையில நுனி காய்ஞ்சு சுருண்டிருக்கும்.

அலங்கார தெர்மாகோல், பலூன் ப்ளாஸ்டிக் குச்சி ரெண்டும் 1 ஜூலை 2022 முதல் நாடு முழுக்கத் தடை. சில கடையில இன்னும் எடுத்து நீட்டுவாங்க. தமிழ்நாட்டுல 2019 ஜனவரியிலேர்ந்து ப்ளாஸ்டிக் பூசின பேப்பர் கப், தட்டும் தடை. பாக்குமட்டைத் தட்டு, எவர்சில்வர் டம்ளர். காடு தீமுக்கு அதுதான் பொருத்தமும்கூட.

பலூன் ஒண்ணுமே வேண்டாம்னுதான் என் கட்சி.

---

பெரியஅடுப்பு பதில்:

காலை விசேஷம் என்றாகிவிட்டால் மத்தியானச் சாப்பாடு. 40 பேருக்கு வீட்டு அடுப்பில் எல்லாம் செய்ய முடியாது. பிரியாணி, போண்டா வெளியே. தயிர்சாதம், பாயசம், குழந்தை கேக் வீட்டில். இதுதான் தாங்கும்.

காய்கறி பிரியாணி: 4 கிலோ அரிசிக்குச் சொல்லுங்கள். "40 பேருக்கு" என்று சொன்னால் ஒவ்வொருவர் ஒவ்வொரு அளவு தருவார்கள், அரிசிக் கணக்கு கேட்டு வாங்குவதுதான் சரி. 1 கிலோ அரிசி 8 முதல் 10 பேர். 12 பிள்ளைகளைப் பாதி ஆளாக எண்ணினால் உங்களுக்கு 34 ஆள்தான், 4 கிலோ தாராளம். பச்சடிக்கு 2½ லிட்டர் தயிர், 1 கிலோ வெங்காயம். உப்பைப் பரிமாறும்போது போடுங்கள், முன்னமே போட்டால் தண்ணி விட்டுவிடும். உருளைக்கிழங்கு போண்டா 80. தயிர்சாதத்துக்கு 1 கிலோ அரிசி குழைய வடித்து, சூடாக இருக்கும்போதே 2 லிட்டர் காய்ச்சின பால், ஆறின பிறகு அரை லிட்டர் புதுத் தயிர். தயிர் மட்டும் ஊற்றினால் ஒரு மணிக்குள் புளித்துவிடும், ஆகஸ்ட் வெயில். பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் மினி இட்லி 150, அதற்கு முக்கால் கிலோ இட்லி அரிசி போட்டு அரைத்த மாவு போதும்.

சேமியா பாயசம் ஆளுக்கு 100 மில்லி, மொத்தம் 4 லிட்டர்: பால் 3½ லிட்டர், வறுத்த சேமியா 350 கிராம், சர்க்கரை 600 கிராம். அரை மணியில் சேமியா பாலைக் குடித்துக் களியாகும். அதனால் அரை லிட்டர் பாலை ஒதுக்கி வைத்து, பரிமாறும் முன் சூடாக ஊற்றிக் கலக்குங்கள். முந்திரியைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முழு முந்திரி, வேர்க்கடலை, முழு திராட்சை, பாப்கார்ன் எதுவும் சின்னக் குழந்தை தொண்டைக்கு ஆகாது.

கேக். ஏசி இல்லாத ஹாலில் ஃபாண்டன்ட் வேண்டாம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பத்தாவது நிமிடம் ஈரக்காற்று அதன்மேல் நீராகப் படிந்து, பிசுபிசுத்து, சாயம் வழியும். க்ரீம் கேக்கும் வெளியில் 20 நிமிடத்துக்கு மேல் தாங்காது, ஆனால் ருசியாவது இருக்கும். 2 கிலோவை ஒரே கேக்காக வாங்காமல், காட்சிக்கு 1 கிலோ, உள்ளே வெட்டிக் கொடுக்க 1 கிலோ ஸ்லாப் என்று பிரியுங்கள். 50 கிராம் துண்டு, 40 பேருக்குச் சரியாக வரும். படம் எடுக்கிற நேரத்தில் ஸ்லாப் உள்ளே வெட்டுப்பட்டிருக்கும், வரிசை நிற்காது. கரும்பச்சை, கறுப்பு க்ரீம் கேட்காதீர்கள், நாக்கும் உடுப்பும் கறையாகும், கசக்கவும் செய்யும். மேலே தங்கத் தூள் தூவுகிறார்கள் என்றால் அது உண்ணத்தக்கதா என்று டப்பாவைப் பார்த்துக் கேளுங்கள். "விஷமில்லை" என்று எழுதியிருப்பதும் உண்ணத்தக்கதும் ஒன்றல்ல.

குழந்தை கையை விட்டு அளைவதற்குத் தனியாக 5 அங்குல கேக். இரண்டு வயது வரை சேர்த்த சர்க்கரை வேண்டாம் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள், இதில் சர்க்கரை கிடையாது. கோதுமை மாவு முக்கால் கப், ராகி மாவு கால் கப், பேக்கிங் பவுடர் முக்கால் டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன். நன்கு கனிந்த பூவன்பழம் 3, கொட்டை நீக்கி வெந்நீரில் ஊறிய பேரீச்சை 8, தயிர் கால் கப், எண்ணெய் 3 மேசைக்கரண்டி எல்லாம் மிக்ஸியில் மையாக அரைத்து மாவோடு சேர்த்து, கட்டி மறையும் வரை மட்டும் கிளறுங்கள். 170 டிகிரியில் 35 நிமிடம். ராகியைக் கால் கப்புக்கு மேல் கூட்டாதீர்கள். அதற்கு ஒட்டுப் பிடிப்பு இல்லை, கேக் அடையாக உட்கார்ந்துவிடும். பூச்சுக்கு அரை லிட்டர் கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி, குளிர்பெட்டியில் இரவு முழுக்கத் தொங்கவிட்டால் 200 கிராம் சுமாருக்கு வரும். கேக் முழுதாக ஆறின பின், வெட்டுவதற்கு ஒரு மணி முன்னால் பூசுங்கள். முன்னாடியே பூசினால் மோர்த்தண்ணி கசிந்து தட்டில் நிற்கும்.

தேன் மேலே ஊற்ற வேண்டாம். உங்கள் குழந்தைக்கு ஒரு வயது முடிந்திருக்கும். வருகிற மற்ற தவழும் குழந்தைக்கு முடிந்திருக்காது, யாராவது ஒரு வாய் ஊட்டிவிடுவார்கள். கோதுமை, தயிர், ராகி மூன்றையும் ஏற்கெனவே சாப்பிட்டுப் பழகின குழந்தைக்குத்தான் இது. விசேஷ நாள் புதுப் பொருளைச் சோதிக்கிற நாள் அல்ல.

---

குட்டியானை_அம்மா:

காலை 11னு மாத்திட்டோம், மாமியாருக்கும் சம்மதம். வரையாடு, சோலைமந்தி தீம்னு கேட்டதும் வீட்டுக்காரர் அட்டைப்பெட்டி தேடப் போயிட்டார்.

ரெண்டு சந்தேகம். பலூனே இல்லாம முதல் பிறந்தநாளான்னு எங்க அக்கா கேக்கறாங்க. கொஞ்சமாவது வைக்கலாமா? அப்புறம் 11க்கு 16ல 40 பேர் எப்படி?

---

வரையாடு:

வைக்கலாம். சாதாரணக் காற்று பலூன், சட்டத்தின் மேல் பாதியில் மட்டும், 5 அடிக்குக் கீழே ஒன்றும் கூடாது. காகிதக்கத்தி சொல்வதிலும் நியாயம் உண்டு. வெடித்த ரப்பர் துண்டு தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டால் மூச்சு நின்றுவிடும், தட்டி எடுப்பதும் கடினம். வெடித்த உடனே துண்டு பொறுக்க ஒரு ஆளை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். விழா முடிந்ததும் பிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுப்பார்களே, அதையும் நிறுத்துங்கள்.

6 அடிக் குறுக்கும் ஒரு பக்கம் 2 அடி இறக்கமும் சேர்த்து 8 அடிச் சரத்துக்கு: 12 அங்குலம் 20, 10 அங்குலம் 50, 5 அங்குலம் 40, உதிரி 15. மொத்தம் 125. 300 எல்லாம் அந்த ஹாலுக்கு அதிகம். எதையும் முழு அளவு ஊதாதீர்கள். 12 என்று போட்டதை 11க்கு, 5 அங்குலத்தை 4க்கு. முனை பேரிக்காய் மாதிரி நீண்டுவிட்டால் அதிகக் காற்று, உரசினாலே வெடிக்கும். உருண்டையாக இருந்தால் சரி. அளவு ஒன்றுபோல் வர அட்டையில் 11, 9, 4 அங்குல வட்டம் வெட்டி அதற்குள் நுழைத்துப் பாருங்கள். இரட்டை வாய் மின் பம்பு வாடகைக்குக் கிடைத்தால் இரண்டு பேர் இரண்டு மணி நேரத்தில் முடிக்கலாம். சனி இரவு ஹாலிலேயே ஊதுங்கள். மொட்டைமாடியிலோ வெயில் விழும் பால்கனியிலோ வைத்தால் மினுக்கம் போய் மேலே மாவு பூத்தது மாதிரி ஆகும்.

பலூன் மாட்டுவதற்கென்று வரும் ஓட்டைப் பட்டையில் முடிச்சைச் செருகி, சரத்தை அடிக்கு ஒரு கட்டு வீதம் குழாயில் கட்டுங்கள். இரண்டே இடத்தில் தொங்கவிட்டால் ஃபேன் காற்றில் ஆடி, சுவரின் சொரசொரப்பில் உரசி ஒவ்வொன்றாகப் போகும். குழந்தை கேக் முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் வெடித்தால் அன்றைய படம் அத்தோடு முடிந்தது.

---

பெரியஅடுப்பு:

இடம் பற்றி. சோபாவைப் படுக்கையறைக்குத் தள்ளுங்கள். சுவரோரமாக மடக்கு நாற்காலி 14, முட்டிவலிக்காரர்களுக்கு. நடுவில் ஜமக்காளம், பிள்ளைகளும் அம்மாக்களும் அதில். திரைக்கு முன்னால் 4 அடி காலியாக விடணும், ஒருவரும் உட்காரக் கூடாது. கேக் மேஜைக்குத் தொங்கும் விரிப்பு போடாதீர்கள், தவழ்கிறவர் இழுத்தால் கேக்கோடு வரும். விரிப்பை மேஜைக்கு அடியில் மடித்து டேப் ஒட்டுங்கள்.

சாப்பாடு இருபது இருபதாக இரண்டு பந்தி, முதல் பந்தி பிள்ளைகளும் அவர்களுக்கு ஊட்டுகிறவர்களும். மத்தியான வெயிலில் மொட்டைமாடி பந்தல் இல்லாமல் ஆகாது. கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தால் பந்தல் போட்டும் வேண்டாம், இத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு. தண்ணீர் கேன் இரண்டு, ஒன்று உள்ளே, ஒன்று வாசலில்.

ஒரு படுக்கையறையைப் பூட்டாமல் காலியாக, திரை மூடி வையுங்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க, ஈரத்துணி மாற்ற, அழுகிற கதாநாயகியைப் பத்து நிமிடம் ஒளித்து வைக்க. எல்லோரும் பரிசுப்பொருளைக் கொண்டுபோய் அந்தக் கட்டிலில்தான் குவிப்பார்கள், அதற்கு வாசலோரம் ஒரு கூடை.

---

காகிதக்கத்தி:

5 அடிக்கு மேல, உருண்டையா, 125. சரி, ஒத்துக்கறேன். ஆனா பச்சையிலயும் மஞ்சள்லயும் மட்டும் வாங்குங்க. மினுமினுங்கற குரோம் வகை வேண்டாம், ஃப்ளாஷ் அடிச்சா பின்னாடி இருக்கிற யானை தெரியாது. குழந்தை கையில பிடிச்சுப் பார்க்கிற மாதிரி பனையோலைக் கிலுகிலுப்பை ஒண்ணு வாங்கி வைங்க. உள்ள கல்லு வெளிய வராத மாதிரி பின்னல் இறுக்கமா இருக்கான்னு பார்த்து வாங்கணும். ரிட்டர்ன் கிஃப்ட் மரச் சொப்புன்னு யோசிச்சா, 4 செ.மீ. அகலக் குழாய்க்குள்ள நுழையற எந்தத் துண்டும் மூணு வயசுக்குக் கீழ உள்ளவங்க பையில போகக் கூடாது. அந்த மூணு பேருக்குத் துணிப்பந்து.